அருவியின் வெள்ளை எங்கிருந்து வருகிறது?

மழை பிடித்ததும் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொல்லங்கோட்டுப் பக்கம் கூட்டம் வந்துவிடுகிறது. நாற்று நட்ட வயல், வரப்பில் பனைகள், அதற்குப் பின்னால் செங்குத்தாக எழும் நெல்லியாம்பதி மலை, அதன் பாறை முகத்தில் கோடு கோடாக இறங்கும் அருவிகள். பொள்ளாச்சி, கோயம்புத்தூரிலிருந்து பைக்கில் வருகிறவர்கள் வரிசையாக நின்று படம் எடுக்கிறார்கள். அந்தப் படங்களை வைத்து வரைகிறவர்களும் இப்போது நிறைய. கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் நன்றாகவே வரைகிறார்கள். வரைந்ததை யாரிடம் காட்டினாலும் கிடைக்கும் பாராட்டு ஒன்றுதான்: “அப்படியே போட்டோ மாதிரி இருக்கு.”

அன்பாகச் சொல்வதுதான். ஆனால் நிலக்காட்சி ஓவியத்தைப் பற்றிய ஒரு தவறான எண்ணம் அதற்குள் இருக்கிறது. ஓர் இடத்தை உள்ளபடி காட்டுவதுதான் ஓவியத்தின் வேலை, வண்ணமும் தாளும் துணியும் அதற்கான சாமான்கள் மட்டுமே என்ற எண்ணம். இன்னொரு கூட்டம் இதற்கு நேர் எதிராகப் பேசும். எல்லாம் ஓவியரின் மனசு, உணர்ச்சி, பார்வை என்று. இரண்டு பேருமே நடுவில் இருக்கும் ஒன்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தப் படம் எதனால் செய்யப்பட்டது, எந்த வரிசையில் செய்யப்பட்டது என்பதை யாரும் கேட்பதில்லை.

அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். வழி தவறாமல் இருக்க ஒரே ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொள்வோம்: மலையில் இறங்கும் அந்த அருவியின் வெள்ளைக் கோடு. ஒவ்வொரு பொருளிலும் அந்த வெள்ளை எப்படிக் கிடைக்கிறது?

வாத்தியம் மாறினால்

மோகன ராகத்தை நாதஸ்வரத்தில் கேட்டிருப்பீர்கள், வீணையிலும் கேட்டிருப்பீர்கள். ராகம் ஒன்றுதான், சுரங்களும் அவையேதான். நாதஸ்வரத்தில் மூச்சு இருக்கும்வரை ஒரு சுரத்தைக் குறையாமல் நிறுத்தலாம். தேர் வரும் தெருவின் மறுமுனைக்கும் அது கேட்கும். வீணையில் தந்தியை மீட்டிய அடுத்த கணமே ஒலி தேயத் தொடங்குகிறது. அதனால் வீணைக்காரர் அந்தத் தேய்வுக்குள்ளேயே தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்கிறார். கேட்கிற நமக்கு ஒன்று ஊர்வலமாகவும் மற்றது தனிமையாகவும் படுகிறது. வாசிப்பவரின் மனநிலை ஒரு பங்கு என்றால், வாத்தியத்தால் எது முடியும், எது முடியாது என்பது இன்னொரு பங்கு.

ஓவியத்திலும் அப்படித்தான். எதைத் திருத்த முடியும், எதைத் திருத்த முடியாது? எதை முதலில் செய்தாக வேண்டும்? காய எவ்வளவு நேரம்? இந்தக் கேள்விகளுக்கான பதில்தான் படத்தின் பொருளில் பாதி.

வண்ணம் என்பது என்ன

எந்த வண்ணமானாலும் உள்ளே இரண்டு இருக்கும். ஒன்று நிறம் தரும் தூள். அதற்கு நிறமி என்று பெயர். செம்மண், விளக்குக்கரி, அரைத்த தாது, இப்போது தொழிற்சாலை ரசாயனம் என்று எதுவாகவும் இருக்கலாம். மற்றது அந்தத் தூளைத் தாளிலோ சுவரிலோ பிடித்து நிறுத்தும் பசை. அதைப் பிணைப்பான் என்போம். நிறமி ஒன்றாகவே இருந்தாலும் பிணைப்பான் மாறினால் வண்ணத்தின் குணமே மாறிவிடும்.

நீர்வண்ணத்தில் பிணைப்பான் வேலமர இனத்தின் பிசின். எண்ணெய் வண்ணத்தில் பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய். அக்ரிலிக்கில் ஒருவகைப் பிளாஸ்டிக். நீர்வண்ணமும் அக்ரிலிக்கும் தண்ணீர் ஆவியாவதால் காய்கின்றன. ஆளிவிதை எண்ணெய் ஆவியாவதே இல்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாட்களிலிருந்து வாரங்கள் வரை ஆகும், உள்ளே முழுக்க இறுக மாதங்கள்.

தேங்காய் எண்ணெய் கொட்டிக் கிடக்கும் மலையாளக் கரையில் அதைக் குழைத்து ஏன் யாரும் வரையவில்லை என்று கேட்கலாம். தேங்காய் எண்ணெய் இப்படி இறுகாது. வருஷக்கணக்கில் வைத்தாலும் பிசுபிசுவென்றே இருக்கும். ஊரில் எது நிறைய விளைகிறது என்பதை மட்டும் வைத்து ஊரின் கலை அமைவதில்லை, அந்தப் பொருளின் ரசாயனமும் ஒத்துவர வேண்டும்.

நீர்வண்ணம்: வெள்ளை முதலிலேயே இருக்கிறது

இப்போது மலைக்கு வருவோம். நீர்வண்ணத்தில் வரைகிறவர் அருவியை வரைவதே இல்லை. தாளின் வெள்ளையை அந்த இடத்தில் அப்படியே விட்டுவிட்டு, சுற்றிலும் மலையை வரைகிறார். நீர்வண்ணப் படலம் மெல்லியது, ஒளி அதைத் துளைத்துத் தாள்வரை போய்த் திரும்பி வருகிறது. வெளிச்சம் முழுக்கத் தாளுடையது. வண்ணம் சேர்க்கச் சேர்க்க இருட்டுத்தான் கூடும். ஆகவே வெளிறிய நிறத்தில் தொடங்கி அடர்ந்ததை நோக்கிப் போக வேண்டும். அருவி இருக்கும் இடத்தில் கை தவறிப் பச்சை விழுந்துவிட்டால் பழைய வெள்ளை முழுசாகத் திரும்பாது. ஒளி புகாத வெள்ளைப் பூச்சு வைத்து மூடலாம், ஆனால் அது தாளின் வெள்ளையைப் போல ஒளிராது.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரு நல்ல நீர்வண்ணப் படத்தில் அருவி மலைக்கும் முன்பே அங்கே இருந்ததுபோலத் தோன்றும். வெளிச்சம் மூத்தது, பாறை அதன் பிறகு வந்தது. ஓவியர் அப்படி ஒரு தத்துவத்தை மனதில் வைத்து வரைந்திருக்க வேண்டியதில்லை. வேலையின் வரிசையே அதைச் சொல்லிவிடுகிறது.

மூடுபனிக்கும் இதுவே இடம். தாள் ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் வண்ணத்தை வைத்தால் அது தானாகப் பரவி விளிம்பில்லாமல் கரையும். நெல்லியாம்பதி உச்சியில் மேகம் படியும்போது மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது அல்லவா, அதற்கு இந்தப் பரவல் அப்படியே பொருந்துகிறது. கொஞ்சம் காய்ந்த தாளில் அதே வண்ணத்தை வைத்தால் கூரான விளிம்பு வரும், அது பாறைக்கு ஏற்றது. எப்போது வைப்பது என்பதைத் தாளின் ஈரம்தான் தீர்மானிக்கிறது. பாலக்காட்டுக் கணவாயில் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மார்கழி, தையில் கிழக்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்றில் தாள் சட்டென்று காய்ந்துவிடும், விளிம்புகள் கடினமாகும். ஆனி, ஆடியின் மழைக்காற்றில் வைத்த வண்ணம் வைத்தபடி ஈரமாகவே கிடக்கும். வெளியில் உட்கார்ந்து வரைந்தால் அன்றைய காற்றும் படத்துக்குள் வந்துவிடுகிறது. எனக்கு நீர்வண்ணத்தின் மேல் தனிப் பிரியம் உண்டென்றால் அது இதற்காகத்தான்.

பின்னாளில் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்தவர். எழுத்தும் குறிகளும் நிறைந்த பிற்கால ஓவியங்களுக்காகவே அவரை அதிகம் பேசுகிறார்கள். இளமையில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை நீர்வண்ண நிலக்காட்சிகள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: வண்ணம் என்பது நிறமியும் பிணைப்பானும். நீர்வண்ணத்தில் ஒளி தாளிலிருந்து வருகிறது, அதனால் வெள்ளையைக் காப்பாற்ற வேண்டும். காயும் நேரமே விளிம்புகளைத் தீர்மானிக்கிறது.

எண்ணெய் வண்ணம்: வெள்ளை கடைசியில் ஏறுகிறது

எண்ணெய் வண்ணத்தில் எல்லாம் தலைகீழ். வண்ணத்தைக் கெட்டியாக வைத்தால் கீழே இருப்பதை மறைத்துவிடும். அதனால் வழக்கமாக இருண்ட, மெல்லிய பூச்சில் தொடங்குவார்கள். முதலில் மலை முழுசாக வந்துவிடும், பாறையின் பிளவுகள், காட்டின் நிழல் எல்லாம். கடைசியில் தூரிகை நிறைய வெள்ளையை எடுத்து, கெட்டியாக, ஒரே இழுப்பில் அருவி. பக்கவாட்டில் நின்று பார்த்தால் அந்த வெள்ளை துணிமேல் மேடாக நிற்பது தெரியும்.

இங்கே மலை மூத்தது, அருவி அதன்மேல் வந்து விழுவது. தண்ணீருக்கு எடை வந்துவிடுகிறது. அப்புறம், எண்ணெய் மெல்ல இறுகுவதால் ஓவியர் நேற்று வைத்ததை இன்று சுரண்டி எடுக்கலாம், பனையை இரண்டடி தள்ளி நடலாம். யோசிக்க நேரம் இருக்கிறது. காலை வெயிலில் தொடங்கி வாரக்கணக்கில் செய்த படம் எந்த ஒரு காலையையும் சேர்ந்ததாக இருக்காது. பல காலைகளிலிருந்து கட்டி எழுப்பிய ஒரு காலையாக இருக்கும். எண்ணெய் வண்ண நிலக்காட்சிகளில் அடிக்கடி தென்படும் நிலைத்த தன்மை இங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். இந்த மலை நேற்றும் இருந்தது, நாளையும் இருக்கும் என்று படம் சொல்கிறது.

ஒரு காலத்தில் எண்ணெய் வண்ணத்தை வெளியே எடுத்துப்போவதே சிரமம். தூளை அரைத்து எண்ணெயில் குழைத்துப் பன்றியின் சிறுநீர்ப்பைகளில் கட்டி வைத்திருந்தார்கள். 1841இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கி எடுக்கும் உலோகக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். மூடி போட்டு வைத்தால் வண்ணம் காயாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கே போகலாம். பிரெஞ்சு ஓவியர்கள் வெட்டவெளியில் நின்று, வெயில் மாறுவதற்குள் முடிக்கும் வேகத்தில் வரைந்ததற்கு இந்தச் சின்னக் குழாயும் ஒரு காரணம். எண்ணெய்க்குரிய நிதானம் அங்கே குறைந்து, தூரிகைத் தடம் தடமாகவே நின்றது. ஒரே பொருள்தான், பொதிந்து வைக்கும் முறை மாறியது, படத்தின் பொருளும் மாறியது.

நம் பக்கத்தில் எண்ணெய் வண்ணம் என்றாலே கிளிமானூர் ரவிவர்மா. 1848இல் பிறந்தவர், திருவிதாங்கூர் அரண்மனைச் சூழலில் அந்தத் தொழில்நுட்பத்தைக் கைவரப் பெற்றவர். எல்லோரும் அவருடைய பெண்களையும் தெய்வங்களையும் பார்க்கிறார்கள், பின்னால் இருக்கும் பாறையையும் நீரையும் மேகத்தையும் யாரும் நின்று பார்ப்பதில்லை. அவருடைய தம்பி ராஜராஜ வர்மா (1860–1905) நிலக்காட்சியிலேயே நாட்டம் உள்ளவர், அண்ணனோடு சேர்ந்து வேலை செய்தவர். புராணக் கதை ஓர் உண்மையான பாறைமேல் நடந்ததுபோல நமக்குத் தோன்றுகிறது என்றால், அதில் எண்ணெய் வண்ணத்தின் எடைக்குப் பெரும் பங்கு உண்டு.

செம்புத் தகடும் அமிலமும்

தாமஸ் டேனியல், அவர் சகோதரரின் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கில ஓவியர்கள் 1792இல் தெற்கே வந்தார்கள். களக்காட்டுப் பக்கத்து மலைகளையும் பாபநாசம் அருவியையும் வரைந்தார்கள். மலைக்கு அப்பால் கேரளம், இப்பால் திருநெல்வேலி. தங்கள் இந்தியப் படங்களை 1795க்கும் 1808க்கும் இடையில் லண்டனில் 144 அச்சுப்படங்களாக வெளியிட்டார்கள்.

அவர்கள் பயன்படுத்திய முறைக்கு அக்வாடின்ட் என்று பெயர். செம்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைப்பார்கள். அமிலத்தில் முக்கினால் தூள் இல்லாத நுண்ணிய இடைவெளிகளில் மட்டும் செம்பு அரிக்கப்படும். அந்தக் குழிகள் மையைப் பிடித்துக்கொள்ளும். அதிக நேரம் அரித்தால் அதிகக் கருமை. ஆகவே வெள்ளையாக இருக்க வேண்டிய அருவியை, அமிலத்தில் முக்குவதற்கு முன்பே வார்னிஷ் பூசி மூடிவிட வேண்டும். அப்புறம் ஒரு முக்கல். அடுத்த வெளிறிய இடத்தை மூடி, மறுபடி ஒரு முக்கல். இப்படியே படிப்படியாகக் கருமைக்கு.

இந்த முறை கண்முன் இருக்கும் குழப்பத்தைப் படிகளாகப் பிரிக்கச் சொல்கிறது: தொலைவுக்கு ஒரு சாயல், நடுவுக்கு ஒரு சாயல், முன்னால் இருட்டு. அச்சான பின் மேலே கையால் நீர்வண்ணம் பூசினார்கள். பாபநாசத்தின் இரைச்சலும் சாரலும் லண்டன் வீட்டில் அமைதியான, ஒழுங்கான காட்சியாக மாறிப் போயின. ஆங்கிலேயர்களின் ரசனையும் ஆட்சியும் இதில் உண்டு என்று எழுதுகிறவர்கள் சொல்வது சரிதான். அந்த ரசனைக்கு இந்தச் செம்புத் தகடு மிகவும் ஒத்துழைத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சுவர்: தூரம் இல்லாத மலை

கேரளச் சுவரோவியங்களில் நிலக்காட்சி தனியாக வராது, கதைக்குள் வரும். மலை, மரம், குரங்கு, மான், கொடி என்று இண்டு இடுக்கு விடாமல் நிறைந்திருக்கும். மட்டாஞ்சேரி அரண்மனையில் பார்க்கலாம். தமிழ்நாட்டு மண்ணில் நின்றும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையிலும் உண்டு.

சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசிய சுவரின்மேல், இளநீர் சேர்த்த சுண்ணாம்பைப் பலமுறை பூசி வெண்மையாக்குவார்கள். அது காய்ந்த பிறகுதான் ஓவியம். நிறங்கள் ஐந்து: மஞ்சளும் சிவப்பும் மண்ணிலும் கல்லிலும் இருந்து, கருப்பு எண்ணெய் விளக்கின் கரியிலிருந்து, பச்சை நீல அமரிச் சாற்றோடு ஒரு மரத்தின் மஞ்சள் பிசினைக் கலந்து. வெள்ளை பெரும்பாலும் அந்தச் சுவரேதான். பிணைப்பான் வேப்பம்பிசின். கடைசியில் கருப்புக் கோடு எல்லாவற்றையும் சுற்றி வளைத்து மூடும்.

அருவியோ ஆறோ அந்தக் கருங்கோட்டுக்குள் வந்தாக வேண்டும். கரைந்து மறையும் விளிம்பு இங்கே கிடையாது. எட்ட இருக்கும் மலை நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிவது நடுவில் இருக்கும் காற்று ஒளியைச் சிதறடிப்பதால். ஐந்து நிறத்தில் அந்த நீலத்துக்கு இடமில்லை, ஆகவே தூரமும் இல்லை, எல்லாமே நம் முன்னால் ஒரே தளத்தில் நிற்கின்றன.

ஆனால் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நீல அமரி அவர்கள் கையில் இருந்தது. அதைப் பச்சைக்குள் கலந்தார்கள், தூரத்து மலைக்குக் கொடுக்கவில்லை. பொருள்தான் எல்லாவற்றையும் கட்டளையிடுகிறது என்று சொன்னால் அதுவும் தப்பு. கதை நடக்கும் காட்டில் எதுவும் தொலைவில் இருக்கத் தேவையில்லை என்று ஒரு மரபு முடிவு செய்தது, பொருள்கள் அந்த முடிவுக்கு உடன்பட்டன.

சுருக்கமாக: எண்ணெயில் வெள்ளை கடைசியில் ஏறுகிறது, தகட்டில் முதலிலேயே மூடப்படுகிறது, சுவரில் கோட்டுக்குள் அடைபடுகிறது. அருவி ஒன்றுதான், அதற்கும் மலைக்கும் உள்ள உறவு ஒவ்வொன்றிலும் வேறு.

காளஹஸ்தித் துணி: வெள்ளையை ஆறு தருகிறது

வடக்கு எல்லைக்குப் போனால், திருத்தணி, நகரி தாண்டி, காளஹஸ்தி. அங்கே கலம்காரித் துணியில் வரையும் மரமும் பறவையும் எல்லோருக்கும் தெரியும். அதைச் செய்யும் விதம் மிகச் சிலருக்கே தெரியும், எனக்கு அதைவிட வியப்பான ஓவியமுறை வேறில்லை.

பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு மையைப் பரவவிடாமல் நிறுத்தும், கடுக்காயின் துவர்ப்புச் சத்து பின்னால் நிறம் பிடிக்க உதவும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் புளிக்கவைத்த நீர்தான் கருப்பு மை. மூங்கில் குச்சியின் மேல் கம்பளியோ துணியோ சுற்றி, அதை மையில் தோய்த்து, விரலால் அழுத்தி அழுத்தி வரைவார்கள். அந்த இரும்பு நீர் கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுக்கிறது.

சிவப்பு இன்னும் விசித்திரம். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீரைத்தான் தீட்டுகிறார்கள். துணியை வேர்ச்சாயத்தில் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இப்படிச் சாயத்தைத் துணியோடு பிணைக்கும் உப்புக்கு நிறந்தாங்கி என்று பெயர். வரைகிறவர் வரையும் நேரத்தில் தன் படத்தின் சிவப்பைப் பார்ப்பதில்லை.

சரி, வெள்ளை? சாயமும் உப்பும் மிஞ்சியிருந்தால் பக்கத்து இடத்தில் படிந்து கறையாக்கும். தேங்கிய தண்ணீரில் அலசினால் அழுக்கு அதிலேயே சுற்றும். ஓடும் நீர் வேண்டும். சுவர்ணமுகி ஆற்றில் பிடித்து அலசி, மணலில் விரித்து வெயிலில் காயவைப்பது அதற்காகத்தான். ஒரு மரத்தின் இலைகளுக்கிடையே தெரியும் வெளுப்பை அந்த ஆறுதான் செய்து கொடுக்கிறது. ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் அந்த வெளுப்புக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கிறது. நிலத்தை வரைந்த படங்கள் ஏராளம். நிலமே கூட இருந்து செய்து கொடுக்கும் படம் இது.

போனும் ஒரு பொருள்தான்

“போட்டோ மாதிரி” என்கிறோமே, போட்டோவும் அப்படியே உள்ளதைக் காட்டுவதில்லை. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஒளியை விட்டால் அருவி துளித்துளியாக உறையும். ஒரு முழு நொடி விட்டால் பட்டுத்துணியாக வழியும். நம் கண் இரண்டையும் பார்ப்பதில்லை. பல போன்கள் வெளிச்சம் கூடிய படம், குறைந்த படம் என்று பலவற்றை எடுத்து ஒன்றாகச் சேர்க்கின்றன. அதனால்தான் வெயிலில் எடுத்தாலும் வானத்து மேகமும் பனையடி நிழலும் ஒருசேரத் தெளிவாக விழுகின்றன.

நேரில் பார்க்கும்போது

திரையில் பார்த்தால் மேலே சொன்ன அத்தனையும் ஒரே கண்ணாடிப் பரப்பாகிவிடும். எண்ணெயின் மேடு, தாளின் சொரசொரப்பு, துணியின் மடிப்பு எதுவும் தெரியாது. முடிந்தால் நேரில் பாருங்கள். ரவிவர்மாவின் படங்கள் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்திலும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. நேராகப் பார்த்த பிறகு பக்கத்தில் நகர்ந்து, விளக்கொளி சாய்வாக விழும் கோணத்திலிருந்தும் பாருங்கள். எது முதலில் வைக்கப்பட்டது, எது கடைசியில் என்று தேடுங்கள்.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. இரண்டு தாள், ஒரு கரித்துண்டு, ஒரு ரப்பர் போதும். முதல் தாளில் அருவிக்கு இடம் விட்டு, சுற்றிலும் கரியால் மலையை வரையுங்கள். இரண்டாவது தாள் முழுக்கக் கரியைத் தேய்த்துக் கறுப்பாக்கிவிட்டு, அருவியை ரப்பரால் அழித்து எடுங்கள். பிறகு இரண்டையும் வீட்டில் யாரிடமாவது காட்டி, எந்த மலையில் பொழுது விடிகிறது, எதில் பொழுது சாய்கிறது என்று கேளுங்கள்.